நாலு மரை

போல்ட்டும் நட்டும் சேர்ந்து சுமை தாங்கும்போது, ஏதாவது ஒன்று கெட்டுத்தான் தீரும் என்றால், போல்ட்டுதான் முதலில் அறுபட வேண்டும். நட்டுக்குள் திருகு திருகாக இருக்கும் மரை ஒருபோதும் முந்தக் கூடாது. இது என் தொழிலின் பாலபாடம். முப்பது வருடம் இந்தப் பாலபாடத்தால் சோறு தின்றேன். இதைத் தலைகீழாகப் போட்டுக் கொடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

விசாரணை மன்றத்தில் இதைச் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று என் தலைமைப் பொறியாளர் வேதமூர்த்தி முதல் நாளே அறிவுரை சொல்லியிருந்தார். அறிவுரைகளை நான் தட்டியதே கிடையாது. அதுதான் என்னுடைய வியாதி.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் சின்ன வயதுப் பெண். அவள் மேசையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் முழங்கை நீளத்தில் ஒரு போல்ட்டு, அதன் முனையில் ஒன்றையொன்று ஒட்டியபடி இரண்டு வெண்கல நட்டுகள். போல்ட்டையும் இரண்டு நட்டுகளையும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்திருந்தது. நட்டு இம்மி அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஃபிட்டர்களின் வழக்கம் அது. கோடு உடையவில்லை.

"ஆலாலசுந்தரம் சார், நம்ம மிதவை நகரத்துல மூணாம் வட்டத்தைப் பிடிச்சிருந்த இந்த இணைப்ப வடிவமைச்சது நீங்கதானே?"

"ஆமாங்க."

"உங்க வரைபடத்துல எத்தனை நட்டு?"

"ஒண்ணு."

"ஒரு நட்டு எவ்வளவு தாங்கும்?"

"அம்பத்து மூணு டன். அதுக்கு மேல போனா மரை அறுந்து நட்டு வழுக்கிக்கிட்டு வந்துடும்."

"ரெண்டு போட்டா?"

"நேர் இரட்டிப்பா வராது. முதல் நட்டு கொஞ்சம் இளகினதும் ரெண்டாவது சுமைய வாங்கிக்கும். தொண்ணூத்தஞ்சு வரும்."

"இரண்டாம் வட்டத்தோட இணைப்பு எவ்வளவு தாங்கும்?"

"ஒரு போல்ட்டுக்கு எண்பது."

"அப்ப புயல்ல மூணாம் வட்டம் கழண்டுக்க வேண்டிய நேரத்துல அது கழலாம, ரெண்டாம் வட்டம் பிய்ஞ்சு போச்சு. நாப்பத்தோரு பேர் செத்தாங்க. அதுல உங்க மனைவியும் ஒருத்தங்க. காரணம் இந்த ரெண்டாவது நட்டு. சரிதானே சார்?"

"கணக்குப்படி சரி."

பின்வரிசையில் யாரோ அழுதார்கள். குற்றவாளிக் கூண்டில், அந்த இரண்டாவது நட்டைப் போட்ட மரியபுஷ்பம் நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தன் கைவேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வட்டத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

நாகப்பட்டினத்தையும் வேதாரண்யத்தையும் கடல் எடுத்துக்கொண்ட பிறகு கட்டியது எங்கள் மிதவை நகரம். மூன்று வட்டம். நடுவில் முதல் வட்டம்: நிர்வாகம், ஆஸ்பத்திரி, பெரிய அதிகாரிகளின் வீடுகள். அதைச் சுற்றி இரண்டாம் வட்டம்: என்னைப் போன்றவர்கள், பள்ளிக்கூடம், கடைகள். அதற்கும் வெளியே மூன்றாம் வட்டம். அங்கே மீன் காயும், குப்பை அரையும், ஊருக்கு வேலை செய்கிறவர்கள் குடியிருந்தார்கள். கடல் நங்கூரம் முதல் வட்டத்துக்கு மட்டும்தான். மற்ற இரண்டும் அதைப் பிடித்துக்கொண்டு மிதந்தன.

ஏழு வருடத்துக்கு முன் வேதமூர்த்தி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஒரு வேலை கொடுத்தார்.

"சுந்தரம், பெரும்புயல் வந்தா வெளிவட்டம் மொத்தக் காத்தையும் வாங்கிக்கும். அது இழுக்கிற இழுப்புல ஊரே நங்கூரத்தோட பிடுங்கிக்கிட்டுப் போயிடும். அதனால ஒரு அளவுக்கு மேல போனா வெளிவட்டம் தானா கழண்டுக்கணும்."

"அதுல ஆளுங்க இருப்பாங்களே சார்."

"இருக்க மாட்டாங்க. ஆறு மணி நேரம் முன்னால சங்கு ஊதுவோம். ரெண்டாம் வட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்துடுவாங்க. படிவத்தைப் பாருங்க."

பார்த்தேன். 'புயல் நேரத்தில் மூன்றாம் வட்டத்தில் இருப்போர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். அதற்குள் பூஜ்யம். பூஜ்யத்தை யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை.

"போல்ட்டையே மெல்லிசாப் போட்டா அறுந்துடுமே சார். நட்டு மரைய ஏன் பலவீனமாக்கணும்? அது நம்ம தொழிலுக்கே விரோதம்."

அவர் சிரித்தார். "மெல்லிசு போல்ட்டப் பார்த்தா பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும், இது அறுபடறதுக்குன்னு போட்டதுன்னு. நட்டுக்குள்ள இருக்கிற மரை யார் கண்ணுக்குத் தெரியும்? வெண்கலத்துல போடுங்க. உப்புத் தண்ணிக்குத் துருப் பிடிக்காதுன்னு சொல்லிக்கலாம்."

நாற்பத்தெட்டு மில்லி எஃகு போல்ட்டு. அறுபட நூற்றிருபது டன் வேண்டும். வழக்கமாக அதற்கு நாற்பது மில்லிக்குக் கிட்ட உயரமுள்ள எஃகு நட்டு போடுவார்கள். நான் இருபது மில்லியில், எஃகைவிட மிருதுவான வெண்கலத்தில், நாலே நாலு மரை மட்டும் கடிக்கிற மாதிரி ஒரு நட்டைப் போட்டேன். ஐம்பத்து மூன்று டன். கணக்கு சுத்தமாக வந்தது. என் வாழ்நாளில் போட்ட அழகான கணக்கு அது என்று அன்றைக்கு நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது; ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்கு ஐந்து வருடம் கழித்துப் பழைய நட்டுகளை மாற்றும் வேலை வந்தது. மூன்றாம் வட்டத்துக்கு எட்டு இணைப்பு, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு போல்ட்டு. அந்த வேலையில் ஃபிட்டர் மரியபுஷ்பம். ஐ.டி.ஐ. படித்தவள், முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பெண் பிள்ளைகளோடு மூன்றாம் வட்டத்திலேயே குடியிருந்தாள். ஒருநாள் காலை பத்து மணிக்கு என் அறைக்குள் வந்து, மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் ஒரு நட்டை வைத்தாள்.

"சார், இது நட்டா, மோதிரமா?"

"என்ன புஷ்பம் வேணும் உனக்கு?"

"நாலு மரைதான் சார் ஏறுது. கட்டை விரலு அகலம்கூட இல்ல. இரும்புப் போல்ட்டுல வெண்கல நட்டு, அதுவும் இம்புட்டூண்டு. இழுத்தா வழிச்சுக்கிட்டு வந்துடும்."

"கணக்குப் போட்டாச்சு. வரைபடத்துல உள்ளபடி போடு."

"என்னா கணக்கு சார்? எனக்கும் சொல்லுங்களேன். நான்தான முறுக்கப் போறேன்."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் என் வேலையைப் பற்றி ஒருவர் ஆசையாகக் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. ஒரு தாளை எடுத்துப் படம் போட்டேன்.

"போல்ட்டு மரையும் நட்டு மரையும் கைகோத்து நிக்குது, பாரு. இழுக்கும்போது நட்டு மரை அதோட அடியிலேர்ந்து அறுபடணும். அந்த அடியோட சுத்தளவு ஒண்ணு. எவ்வளவு உயரத்துக்குக் கடிச்சிருக்குங்கிறது ஒண்ணு. இந்த ரெண்டையும் பெருக்கினா அறுபடற பரப்பு வரும். அதை அந்த உலோகத்தோட வெட்டு வலிமையால பெருக்கு. அவ்வளவுதான்."

"வெட்டு வலிமைன்னா?"

"நேரா இழுத்து அறுக்க ஒரு பலம் வேணும். பக்கவாட்டுல சீவி அறுக்க அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல போதும். அந்தச் சீவுற பலம்."

"இதுக்கு எவ்வளவு வந்துச்சு?"

"அம்பத்து மூணு டன்."

"போல்ட்டுக்கு?"

"நூத்தியிருபது."

அவள் நட்டைக் கையில் எடுத்து விரலால் உள்பக்கம் தடவினாள். யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அதற்குள் புரிந்துகொண்டுவிட்டாள். எனக்குக் கீழே வேலை செய்த ஆறு பட்டதாரிகள் ஐந்து வருடமாக அந்த வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"அப்ப நட்டு போறதுக்குன்னே போட்டிருக்கீங்க."

நான் பேனாவை மூடினேன்.

"அதுல நாங்க முந்நூத்திப் பன்னெண்டு பேர் இருக்கோம் சார்."

"சங்கு ஊதினதும் பள்ளிக்கூடத்துக்கு வந்துடணும்னு விதி இருக்கே புஷ்பம்."

"வந்தோம் சார். மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு தடவை உள்ள விட்டாங்க. அப்புறம் ரெண்டு தடவை சாவி இல்லைன்னுட்டாங்க. மழையில புள்ளைங்கள வச்சுக்கிட்டு நின்னுட்டுத் திரும்பிப் போனோம்." "சாவி உங்க வீட்டுலதான சார் இருக்கு?"

இருந்தது. இரண்டாம் வட்டக் குடியிருப்போர் சங்கத்துக்கு என் மனைவி கோமளாதான் செயலாளர். பள்ளிக்கூடத்துச் சாவி எங்கள் வீட்டுச் சமையலறையில், காலண்டர் ஆணியில் தொங்கியது. தினமும் அதற்குக் கீழே நின்றுதான் நான் காப்பி குடித்தேன்.

மரியபுஷ்பம் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். ஸ்டோரிலிருந்து பொருள் வாங்கும் சீட்டு. தொண்ணூற்றாறு வெண்கல நட்டு, காரணம்: உபரி.

"ஜாக்கி வச்சு இழுத்து இறுக்கணும்னு போல்ட்ட அம்பது மில்லி வெளிய நீட்டி விட்டிருக்கீங்கள்ல. அதுல ஒரு செக்நட்டு தாராளமா ஏறும். பட்டறையில நாங்க எப்பவும் போடறதுதான். நட்டு மெல்லிசா இருந்தா பக்கத்துலயே இன்னொண்ணு போடாம எந்த ஃபிட்டரும் கையை எடுக்க மாட்டான். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். கையெழுத்து மட்டும் போடுங்க."

என் கை நடுங்கியது. கையெழுத்துப் போட்டேன்.

அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு நட்டு, தொண்ணூற்றைந்து டன். இரண்டாம் வட்டம், எண்பது. அப்படியென்றால் இனிமேல் முதலில் போகப்போவது நாங்கள். உடனே எழுந்து போய் எல்லோரிடமும் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டுமானால் பழைய கணக்கையும் சொல்ல வேண்டும். பூஜ்யத்தைச் சொல்ல வேண்டும். ஆணியில் தொங்கும் சாவியைச் சொல்ல வேண்டும். தாளை மடித்து இழுப்பறையில் போட்டேன். பெரும்புயல் ஐம்பது வருடத்துக்கு ஒருமுறைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல காரியம் ஒன்றைச் செய்தேன், அதையும் அரைகுறையாகச் செய்தேன்.

பெரும்புயல் அந்த ஐப்பசியிலேயே வந்தது.

பகல் இரண்டு மணி. நான் முதல் வட்டத்தில், கட்டுப்பாட்டு அறையில் பணியில் இருந்தேன். சங்கு ஊதி ஐந்து மணி நேரமாகியிருந்தது. கோமளா போனில் கூப்பிட்டாள்.

"என்னங்க, அந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாம் பள்ளிக்கூடத்து வாசல்ல வந்து நிக்கிறாங்க."

"திறந்து விடு கோமளா."

"எப்படிங்க? அன்னைக்கு உள்ள விட்டுட்டு எட்டு நாள் கழிவறை அடைச்சுக் கிடந்துச்சு. சங்கத்துல தீர்மானமே போட்டிருக்கோம். நான் ஒருத்தி திறந்துட்டா நாளைக்கு எல்லாரும் என்னைத்தான் புடுங்குவாங்க."

"திறன்னு சொல்றேன்ல."

"கத்தாதீங்க. தலைவரைக் கேட்டுட்டுத் திறக்கிறேன். சாவி கையிலதான் வச்சிருக்கேன்."

கோமளா கெட்டவள் இல்லை. அக்கம்பக்கத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ரசம் கொண்டுபோய்க் கொடுப்பாள். நாலு பேர் பேசுவார்களே என்ற பயம் மட்டும்தான் அவளுக்கு. அந்தப் பயத்தில் நானும் அவளும் நல்ல ஜோடி.

தலைவர் எடுக்கவில்லையாம். மூன்றாம் வட்டத்துக்காரர்கள் முக்கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் தங்கள் இடத்துக்கே திரும்பினார்கள். மூன்று மணி சுமாருக்கு என் திரையில் ஒரு போல்ட்டுக்கான இழுவிசை ஐம்பத்து மூன்று டன்னைத் தாண்டியது. அறுபது. எழுபது. மற்ற பொறியாளர்கள் வெளிவட்டம் ஏன் இன்னும் கழலவில்லை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். கோமளாவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

எண்பத்திரண்டில் இரண்டாம் வட்டத்தின் வடக்குப் பக்கம் பிய்ந்தது. பிய்ந்த பக்கம் திரும்பி வந்து முதல் வட்டத்தின் இரும்புச் சுவரில் மோதியது. பள்ளிக்கூடமும் எங்கள் வீடும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. மூன்றாம் வட்டம் மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஆடியபடி நின்றது. அதில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

கோமளா கதவைத் திறந்திருந்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நசுங்கியிருப்பார்கள். நான் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் அவர்கள் நடுக்கடலுக்குப் போயிருப்பார்கள், கோமளா இருந்திருப்பாள். படுக்கையில் புரண்டு புரண்டு இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன். எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் எனக்கு விடை வருவதில்லை.

கோமளாவின் உடலோடு ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள். தாலி, வளையல் இரண்டு, முந்தானையில் முடிந்திருந்த சாவி. விசாரணைக்குப் போன அன்று அந்தச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

வழக்கறிஞர் என்னை விட்டுவிட்டுக் கூண்டின் பக்கம் திரும்பினாள்.

"இந்தத் தொண்ணூத்தாறு நட்டையும் ஸ்டோர்லேர்ந்து யார் அனுமதியோட எடுத்தே?"

ஸ்டோர் இரண்டாம் வட்டத்தோடு கடலுக்குள் போய்விட்டது. சீட்டும் போய்விட்டது. அதில் யார் கையெழுத்து என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் எழுந்திருக்க வேண்டும். கால் மரத்துப்போனது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கால் நன்றாகத்தான் இருந்தது.

"யார் அனுமதியும் இல்லீங்க," என்றாள் மரியபுஷ்பம். "நானேதான் எடுத்தேன். யாருக்கும் தெரியாம எடுத்தேன்."

"அதாவது திருடினே."

"அப்படித்தான் வச்சுக்குங்க."

ஏழு வருடம் சிறை. தீர்ப்பில் அவளை மரை கழன்றவள் என்று எழுதவில்லை, அவ்வளவுதான். அகங்காரத்தால் அறிவியலை மீறியவள் என்று எழுதியிருந்தார்கள். அந்த அறிவியல் என்னுடையது.

இரண்டு மாதம் கழித்து அவளைப் பார்க்கக் கரைக்குப் போனேன். பெண்கள் சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னே புஷ்பம்?"

"உண்மையச் சொன்னா என்னா ஆயிருக்கும்? ரெண்டு பேரும் உள்ள இருப்போம். எனக்கு அதுல ஒரு மாசம் குறையுமா?"

"இருந்தாலும்..."

"உங்க மேல பாசம்னு நெனச்சுக்காதீங்க சார். உங்க வீட்டம்மா கதவுக்குப் பின்னாடி நின்னதை நான் பார்த்தேன். செத்தவங்களப் பத்திப் பேசக் கூடாது, பேசல. ஆனா மறக்கவும் இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "ஊரைத் திருப்பிக் கட்டுறாங்களாம்ல. புது இணைப்பு போடுவாங்க. நீங்க வெளிய இருந்தாத்தான் அந்தக் கணக்கு உங்க கைக்கு வரும். அன்னைக்குக் கையெழுத்துப் போடறப்ப உங்க கை நடுங்குச்சு. எனக்கு அது போதும். வேற எவனாச்சும் போட்டா அவனுக்கு நடுங்காது. என் புள்ளைங்க ரெண்டும் அங்கதான் இருக்குது."

"நான் பாத்துக்கறேன்."

"மரையக் கூட்டுங்கன்னு நான் சொல்லல. எங்கயாச்சும் ஒண்ணு முதல்ல போய்த்தான் ஆகணும், அது எனக்கும் தெரியும். படிவத்துல பூஜ்யம்னு மட்டும் போடாதீங்க. எங்களை எண்ணி எழுதுங்க. எண்ணிட்டா அப்புறம் கதவத் திறந்துதான ஆகணும்."

சரி என்றேன். படகில் திரும்பும்போது அந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று மனதுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பல வருடத்தில் முதல்முறையாக வேலைக்குப் போக ஆசையாக இருந்தது.

அந்தக் கணக்கு என் கைக்கு வரவே இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு நடுநிலை இருக்காது என்று வேதமூர்த்தி முடிவு செய்துவிட்டார். ஒரு கணிப்பொறி நிரலிடம் கொடுத்தார்கள். என் பழைய கணக்கை அதற்குப் பாடமாகக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அது நாற்பது நொடியில் முடித்துவிட்டது. கை நடுங்குவதற்கு அதற்குக் கை இல்லை.

மன்றத்தின் நானூறு பக்க அறிக்கையில் நடைமுறைக்கு வந்தது ஒரே ஒரு பரிந்துரைதான். ஜாக்கி வைத்து இழுத்து இறுக்கிய பிறகு, நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டை அறுத்துத் தள்ளிவிட வேண்டும். இரண்டாவது நட்டு போட இடமே இருக்கக் கூடாது.

புது இரண்டாம் வட்டத்தில் எனக்கு வீடு ஒதுக்கினார்கள். வடக்குப் பக்கம், கடலைப் பார்த்த மாதிரி. மனைவியை இழந்தவன் என்பதால் தனிச் சலுகை. குடி வந்து ஒரு வாரம் கழித்து, வரைபடக் கட்டுக்குள் புது இணைப்பின் தாள்களைப் பார்த்தேன். மூன்றாம் வட்டம், நாலு மரை, இருப்போர் பூஜ்யம். இதை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். அடுத்த தாளைப் புரட்டினேன்.

இரண்டாம் வட்டம். அங்கேயும் வெண்கல நட்டு. அங்கேயும் நாலு மரை. கட்டத்துக்குள் பூஜ்யம்.

மாதிரிக்கு வந்திருந்த நட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வேதமூர்த்தியின் அறைக்குப் போனேன். அவர் மேசையில் விரித்திருந்த தாளின் மேல் அதை வைத்தேன். வைத்த பிறகுதான் யார் மாதிரி வைத்தேன் என்று உறைத்தது.

"இந்த நட்டுல மரை பத்தாது சார்."

"எது, மூணாம் வட்டத்துதா?"

"ரெண்டாம் வட்டத்துது. அதையும் கழலற மாதிரி போட்டிருக்கு."

"ஆமா. போன தடவை மாதிரி மூணாவது மாட்டிக்கிட்டா என்ன செய்யறது? ரெண்டாவதும் சேர்ந்து சுத்தமாக் கழண்டுக்கணும். போன தடவை பாதி பிய்ஞ்சு வந்து நம்ம சுவத்துல மோதினதாலதானே அவ்வளவு சேதம்? ஆஸ்பத்திரி, நிர்வாகம் எல்லாம் இங்க இருக்கு சுந்தரம்."

"அதுல எண்ணூறு பேர் இருக்கோம் சார். நான் இருக்கேன்."

"இருக்க மாட்டீங்க." பொறுமையாகச் சொன்னார். ஏழு வருடத்துக்கு முன் எப்படிச் சொன்னாரோ அப்படியே. "ஆறு மணி நேரம் முன்னால சங்கு ஊதுவோம். முதல் வட்டத்து மண்டபத்துக்கு வந்துடுவீங்க. படிவத்தைப் பாருங்க."

"மண்டபத்துச் சாவி யார்கிட்ட சார் இருக்கு?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய வீட்டுக்காரம்மாள் முதல் வட்டத்துச் சங்கத்தில் ஏதோ பொறுப்பில் இருக்கிறார் என்று எங்கோ கேட்ட ஞாபகம். நட்டை என் பக்கம் தள்ளினார்.

"கணக்குப் போட்டாச்சு சுந்தரம். வரைபடத்துல உள்ளபடி போடச் சொல்லுங்க."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் எங்கள் வட்டத்து இணைப்பைக் கடந்துதான் போக வேண்டும். ஃபிட்டர்கள் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மஞ்சள் கோடு இன்னும் காயவில்லை. குனிந்து, மரியபுஷ்பம் செய்தது போல விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். சுத்தமான வேலை. நட்டைத் தாண்டி ஒரு மரைகூட வெளியே இல்லை.